கோகோபீட் கட்டியைத் தொட்டிக்குத் தயார் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டை மாடியில் மண்ணில்லாமல் கீரையும் தக்காளியும் வளர்க்க ஆரம்பித்ததிலிருந்து, தெரிந்தவர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் என்னிடம் அதிகம் கேட்டது கோகோபீட் பற்றித்தான். உரக் கரைசலைப் பற்றிக்கூட அவ்வளவு கேள்வி வந்ததில்லை. "தண்ணீரில் ஊறப்போட்டால் பொங்கி வந்துவிடும், இதில் தயார் செய்ய என்ன இருக்கிறது?" என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவன்தான். அந்த நினைப்புக்கு முப்பது நாற்றுகளில் பாதிக்கு மேல் பலியான கதை கீழே வருகிறது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

கோகோபீட், காயர் பித், நார்க்கழிவு எல்லாம் ஒன்றா, வேறு வேறா?

ஒன்றுதான். தேங்காய் மட்டையை அடித்து மஞ்சியைப் பிரிக்கும்போது, நாருக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் தக்கை போன்ற பொருள் தூளாக உதிரும். அதைத்தான் இப்படிப் பல பெயர்களில் சொல்கிறார்கள். இலங்கையில் கேட்டால் தும்புச்சோறு என்பார்கள். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் மஞ்சி மில்களை ஒட்டி ஒரு காலத்தில் மலை மலையாக இது குவிந்து கிடந்தது. அள்ளிக்கொண்டு போனால் போதும் என்று இருந்தார்கள். இன்றைக்கு அதே தூளைக் கழுவி, களத்தில் காயவைத்து, அழுத்திக் கட்டியாக்கிக் கப்பலேற்றுகிறார்கள்.

ஒரு குழப்பத்தை மட்டும் இங்கேயே தீர்த்துக்கொள்ளுங்கள். "மக்கிய தென்னை நார்க்கழிவு உரம்" என்று விற்பது வேறு பொருள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையில், ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியாவும் 5 புட்டி சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு மக்கவைப்பார்கள். கறுத்துப்போய், மண்ணில் போட அருமையாக இருக்கும். நமக்கு அது வேண்டாம். நமக்கு வேண்டியது மக்காத, கழுவிய, பழுப்பு நிறத் தூள்.

ஹைட்ரோபோனிக்ஸ் என்றாலே தண்ணீர்தானே? இது எதற்கு?

வேர் பிடித்து நிற்க ஏதாவது வேண்டும். அதைவிட முக்கியம், மின்சாரம் போனால் செடி பிழைக்க வேண்டும். குழாயில் தண்ணீர் ஓடும் முறையில் மோட்டார் நின்றால், சித்திரை வெயிலில் இரண்டு மணி நேரத்தில் கீரை தலை சாய்ந்துவிடும். கோகோபீட் தன் எடையைப் போல எட்டு மடங்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்போதும் வேருக்குக் காற்றுப் போக உள்ளே இடம் இருக்கும். லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்) அதிகம் என்பதால் சீக்கிரம் மக்கி உட்கார்ந்துவிடாது. பி.எச். (அமில, காரத் தன்மையைச் சொல்லும் அளவு) 5.5க்கும் 6.8க்கும் இடையில் இருக்கும், பெரும்பாலான செடிக்கு இதமான அளவு. புதிதாக வருபவர்களுக்கு இவ்வளவு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் ஊடகம் வேறு இல்லை என்பது என் கட்சி. ஒரே ஒரு தவறைத்தான் பொறுக்காது. அதற்கு வருகிறேன்.

எந்தக் கட்டி வாங்குவது?

கடையில் 650 கிராம் கட்டியும் 5 கிலோ கட்டியும் எளிதாகக் கிடைக்கும். சின்னது ஊறினால் 8, 9 லிட்டர் வரும். பெரியது 65, 70 லிட்டர் வரும். முதல் தடவைக்குச் சின்னதே போதும். ஐந்து கிலோ கட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவ வேண்டியிருக்கிறதே என்று கடுப்பாகிப் பாதியில் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாங்கும்போது "இ.சி. கம்மியானதா?" என்று கேளுங்கள். இ.சி. என்பது தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்பதை மின்கடத்தும் திறன் மூலம் சொல்லும் அளவு. தயாரிப்பவர்களே கழுவியதை லோ இ.சி. என்றும், கழுவாததை ஹை இ.சி. என்றும் பிரித்துத்தான் விற்கிறார்கள். விலை வித்தியாசம் இருக்கும். லோ இ.சி. வாங்கினால் உங்கள் தண்ணீர்ச் செலவில் பாதி மிச்சம்.

கழுவாமல் அப்படியே போட்டால் என்ன ஆகும்?

எனக்கு ஆனதைச் சொல்கிறேன். முதல் கட்டியை வாங்கும்போது கடைக்காரர் "எல்லாம் கழுவினதுதான் சார், ஊறவைத்துப் போடுங்க" என்றார். போட்டேன். லெட்யூஸ், மிளகாய், தக்காளி என்று முப்பது நாற்று. ஒரு வாரம் நன்றாக நின்றன. பத்தாம் நாள் லெட்யூஸ் இலையின் ஓரம் காகிதத்தைத் தீயில் காட்டியது போலக் கருகியது. மிளகாயில் புதுத் துளிர் சுருண்டுகொண்டு வந்தது. நான் என்ன செய்தேன்? பசியாக இருக்கிறது போல என்று உரக் கரைசலைக் கூட்டினேன். அடுத்த நாலு நாளில் பாதி செடி போய்விட்டது.

அப்புறம்தான் தொட்டிக்கு அடியில் ஒரு கிண்ணத்தை வைத்து, வடியும் தண்ணீரை அளந்தேன். நான் ஊற்றியது 1.2 இ.சி.; வெளியே வந்தது 2.8. செடிக்குப் பசி இல்லை, உப்புத் தண்ணீரில் வேர் நின்றிருக்கிறது. குடிக்க முடியவில்லை.

தேங்காய் மட்டையில் உப்பு எங்கிருந்து வருகிறது? கடற்கரைத் தென்னை என்பதாலா?

கடற்கரை ஒரு காரணம், ஆனால் முழுக் காரணம் அது இல்லை. கேரளத்தில் மட்டையைக் காயல் தண்ணீரில் மாதக்கணக்கில் ஊறப்போடும் வழக்கம் உண்டு. அந்தத் தண்ணீரின் உவர்ப்பு தூளில் ஏறிவிடும். ஆனால் கடலே பார்க்காத பொள்ளாச்சித் தென்னையின் மட்டையிலும் உப்பு இருக்கிறது. ஏனென்றால் தென்னை மரமே பொட்டாசியத்தையும் குளோரைடையும் நிறைய எடுத்துக்கொள்ளும் மரம். அதில் பெரும்பங்கு மட்டையில்தான் போய்ச் சேருகிறது. அதனால் "நம்ம ஊர்த் தேங்காய், உப்பு இருக்காது" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்து கழுவுங்கள்.

மூன்று தடவை கழுவிவிட்டேன். தண்ணீர் தெளிவாக வருகிறது. போதும்தானே?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கோகோபீட்டின் ஒவ்வொரு துகளிலும் நேர்மின் அயனிகள் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. அதை ஒரு பேருந்தாக நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கைகள் எல்லாவற்றிலும் பொட்டாசியமும் சோடியமும் ஏற்கெனவே துண்டு போட்டு உட்கார்ந்துவிட்டன. நடைபாதையிலும் அவர்கள் கூட்டம்தான் நிற்கிறது. நீங்கள் வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவினால், நிற்கிற கூட்டம் இறங்கிப் போகும். உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் எழுந்திருக்க மாட்டார்கள். மீட்டரில் அளந்தால் உப்பு குறைந்ததாகவே காட்டும், ஏனென்றால் மீட்டருக்குத் தெரிவது தண்ணீரில் மிதப்பவை மட்டும்தான்.

இப்போது நீங்கள் நாற்று நட்டு உரக் கரைசல் ஊற்றுகிறீர்கள். அதில் கால்சியமும் மெக்னீசியமும் இருக்கிறது. அவற்றுக்கு இரட்டை மின்னேற்றம் என்பதால் ஒற்றை மின்னேற்றம் உள்ள பொட்டாசியத்தையும் சோடியத்தையும் எழுப்பிவிட்டுத் தாங்கள் உட்கார்ந்துகொள்ளும். விளைவு, செடிக்குப் போக வேண்டிய கால்சியம் இருக்கையில் உட்கார்ந்துவிடுகிறது. எழுப்பிவிடப்பட்ட பொட்டாசியமும் சோடியமும் வேரைச் சூழ்ந்து நிற்கின்றன. கால்சியம் போட்டும் கால்சியம் பற்றாக்குறை வருவது இப்படித்தான்.

ஆகவே, நாற்று நடுவதற்கு முன்பே நாமே கால்சியம் கரைத்த தண்ணீரில் ஊறவைத்து, அந்த இடமாற்றத்தை நடத்தி முடித்துவிட வேண்டும். இதைத்தான் பஃபர் செய்வது என்கிறார்கள். கழுவுவது வேறு வேலை, பஃபர் செய்வது வேறு வேலை. ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

சரி, 650 கிராம் கட்டி ஒன்று கையில் இருக்கிறது. முதலிலிருந்து கடைசி வரை என்ன செய்ய வேண்டும்?

சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தால் ஞாயிறு காலையில் நடலாம். தேவையானவை: 15 லிட்டர் பக்கெட் ஒன்று, அன்னக்கூடை அல்லது வெங்காயம் வருகிற வலைச்சாக்கு, பழைய கொசுவலைத் துண்டு, கால்சியம் நைட்ரேட் 15 கிராம், சமையலறைத் தராசு.

பக்கெட்டில் கட்டியைப் போட்டு 4 லிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். வெந்நீர் என்றால் பத்து நிமிடத்தில் உடையும். பச்சைத் தண்ணீர் என்றால் அரை மணி. மேலே பொங்கி வந்தது என்று விட்டுவிடாதீர்கள். கையை உள்ளே விட்டால் நடுவில் ஒரு உலர்ந்த கொட்டை இருக்கும். அதை உதிர்த்துவிடுங்கள். அந்தக் கொட்டைக்குள் தண்ணீர் போகாவிட்டால் கால்சியமும் போகாது.

வலைச்சாக்கின் உள்ளே கொசுவலையை விரித்து, ஊறியதைக் கொட்டி, கொடிக்கம்பியில் தொங்கவிடுங்கள். மேலிருந்து 5 லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். முதல் தண்ணீர் வரக்காப்பி நிறத்தில் வரும். பயப்பட வேண்டாம், அது டேனின், மட்டையில் இயல்பாக இருக்கும் துவர்ப்புச் சாயம். பத்து நிமிடம் வடியவிட்டு, மறுபடி 5 லிட்டர். லோ இ.சி. கட்டி என்றால் இரண்டு தடவை போதும். இல்லையென்றால் மூன்று, நான்கு. நிறம் போகும் வரை கழுவ வேண்டியதில்லை. வெளிர் டீ நிறத்தில் வந்துகொண்டேதான் இருக்கும். நம் கணக்கு நிறம் இல்லை, உப்பு.

அப்புறம் 5 லிட்டர் தண்ணீரில் 15 கிராம் கால்சியம் நைட்ரேட்டைக் கரையுங்கள். தராசு இல்லையென்றால் தலைதட்டிய மூன்று டீஸ்பூன். கழுவியதைப் பக்கெட்டில் திருப்பிக் கொட்டி, இந்தக் கரைசலை ஊற்றி, அடி வரை கிளறி, மூடிவையுங்கள். குறைந்தது எட்டு மணி நேரம், ராத்திரி முழுக்க என்றால் நல்லது. நடுவில் ஒருமுறை கிளறிவிடுங்கள்.

காலையில் மறுபடி வலைச்சாக்கில் கொட்டி முழுசாக வடியவிடுங்கள். வடிவதில்தான் எழுப்பிவிடப்பட்ட பொட்டாசியமும் சோடியமும் இருக்கின்றன. அதைத் தொட்டியிலேயே தங்கவிட்டால் ராத்திரி செய்த வேலை வீண். கடைசியாக நல்ல தண்ணீர் ஒரு 5 லிட்டர் ஊற்றி வடித்தால் முடிந்தது. நடுவதற்கு முன் அரை அளவு உரக் கரைசலை, பி.எச். 5.8 பக்கம் வைத்து, ஒருமுறை ஊற்றி ஈரமாக்கிக்கொள்ளுங்கள்.

கட்டியைப் பிரிக்கும்போது தூசி பறக்கும். இழுப்பு உள்ளவர்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஐந்து கிலோ கட்டிக்கு எல்லாவற்றையும் எட்டால் பெருக்கிவிடலாமா?

ஏறக்குறைய அப்படித்தான். ஊறவைக்க 25 முதல் 30 லிட்டர், கால்சியம் நைட்ரேட் 100 முதல் 120 கிராம். கழுவ நூறு லிட்டருக்கு மேல் ஆகும். தண்ணீர் கஷ்டம் உள்ள இடம் என்றால் லோ இ.சி. கட்டியாக வாங்கி, தனியாகக் கழுவாமல், ஊறவைக்கும் தண்ணீரிலேயே கால்சியம் நைட்ரேட்டைக் கரைத்துவிடுங்கள். ராத்திரி ஊறவிட்டு, காலையில் ஒரே ஒரு முறை நன்றாகக் கழுவி வடித்தால் போதும். கோடையில் நான் செய்வது இதைத்தான்.

கால்சியம் நைட்ரேட்டுக்குப் பதில் சுண்ணாம்பு, முட்டை ஓடு, கால்சியம் மாத்திரை போடலாமா?

வேண்டாம். சுண்ணாம்புத் தெளிவு பி.எச். 12 வரை போகும், வேர் வெந்துவிடும். முட்டை ஓடும் மாத்திரையும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். தண்ணீரில் கரையாது, கரையாத கால்சியத்துக்கு யாரையும் இருக்கையிலிருந்து எழுப்பத் தெரியாது. ஜிப்சம் கொஞ்சம் கரையும், ஆனால் மெதுவாக. உரக்கடையில் கால்சியம் நைட்ரேட் ஒரு கிலோ பையாகவே கிடைக்கிறது. வாங்கியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடுங்கள். திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரண்டு நாளில் கூழாகிவிடும்.

எப்சம் உப்பும் (மெக்னீசியம் சல்பேட்) சேர்க்கச் சொல்கிறார்களே?

சேர்க்கலாம். மெக்னீசியமும் அதே இடங்களைப் பிடிக்கும் என்பதால் லாபம்தான். 5 லிட்டருக்கு 5 கிராம் போதும். ஆனால் இரண்டையும் ஒரே டம்ளரில் கெட்டியாகக் கரைக்காதீர்கள். கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்து வெள்ளை வண்டலாக அடியில் உட்கார்ந்துவிடும். கால்சியத்தைப் பக்கெட் தண்ணீரில் முழுசாகக் கரைத்துவிட்டு, எப்சம் உப்பைத் தனி டம்ளரில் கரைத்துக் கடைசியில் ஊற்றுங்கள்.

மீட்டர் கட்டாயம் வேண்டுமா? என்னிடம் ஆர்.ஓ. தண்ணீர் பார்க்கிற டி.டி.எஸ். மீட்டர்தான் இருக்கிறது.

அதுவே போதும். அந்த மீட்டர் பெரும்பாலும் 1 இ.சி.யை 500 பி.பி.எம். என்று காட்டும். சோதனை இப்படி: ஊறிய கோகோபீட் ஒரு டம்ளர், ஆர்.ஓ. தண்ணீர் இரண்டு டம்ளர், கலந்து அரை மணி வைத்து, காப்பி வடிகட்டியில் வடித்து அளங்கள். 250க்குக் கீழே இருந்தால் கால்சியம் ஏற்றப் போகலாம். 500க்கு மேலே என்றால் இன்னும் கழுவுங்கள். நடுவில் இருந்தால் கீரைக்கும் ஸ்ட்ராபெர்ரிக்கும் இன்னொரு தடவை, தக்காளிக்குப் பரவாயில்லை. இது நான் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு.

மீட்டர் இல்லவே இல்லை என்றால் லோ இ.சி. கட்டி வாங்கி, மேலே சொன்ன முறையை அப்படியே செய்யுங்கள். வாயில் வைத்து உப்புக் கரிக்கிறதா என்று பார்க்கிற ஆட்களும் இருக்கிறார்கள். நாக்குக்குத் தெரிகிற அளவுக்கு உப்பு இருந்தால், நாற்றுக்கு அது எப்போதோ தாண்டிப்போன அளவு.

எங்கள் வீட்டில் போர் தண்ணீர்தான். டி.டி.எஸ். 1,400 காட்டுகிறது.

அந்தத் தண்ணீரால் எத்தனை முறை கழுவினாலும் 1,400க்குக் கீழே போகாது, நூறு பக்கெட் ஊற்றினாலும்தான். போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் இருக்கும் என்பது உண்மை, ஆனால் கூடவே சோடியமும் பைகார்பனேட்டும் வருகின்றன. முதல் ஊறலுக்கும் முதல் கழுவலுக்கும் போர் தண்ணீரைச் செலவழியுங்கள். கால்சியம் கரைக்கவும் கடைசிக் கழுவலுக்கும் மழைத் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு மிகக் குறைவு. இரண்டு பக்கெட் சேர்த்துவைத்தால் ஒரு கட்டிக்கு ஆயிற்று. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுகிற கழிவுத் தண்ணீரை மட்டும் இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள். சிறுவாணித் தண்ணீர் வருகிற கோயம்புத்தூர்க்காரர்கள் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகலாம், கொடுத்துவைத்தவர்கள்.

"பஃபர் செய்தது" என்று பையிலேயே எழுதியிருந்தால்?

நம்புங்கள், ஆனால் மேலே சொன்ன டம்ளர் சோதனையைச் செய்துவிட்டு நம்புங்கள். அளவு கம்மியாக வந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து நேராக நடலாம். முதல் இரண்டு வாரம் உரக் கரைசலில் கால்சியம் கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும்.

தனியாகப் போடலாமா, எதையாவது கலக்கணுமா?

தூளை மட்டும் போட்டால் அடித்தொட்டியில் தண்ணீர் தேங்கி, வேர் மூச்சுத் திணறும். ஏழு பங்கு தூளுக்கு மூன்று பங்கு பெர்லைட் (பொரி போன்ற லேசான வெள்ளைக் கல்) என்பது பாடப்புத்தகக் கணக்கு. பெர்லைட்டுக்குப் பதில் நான் தேங்காய் மட்டைத் துண்டுகளை, கடையில் ஹஸ்க் சிப்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள், மூன்று பங்கு கலக்கிறேன். விலையும் குறைவு, காற்றில் பறக்கவும் பறக்காது. ஒரே நிபந்தனை, அந்தத் துண்டுகளுக்கும் இதே கழுவலும் கால்சியக் குளியலும் உண்டு. நெல் உமியும் கலக்கலாம். ஆனால் பச்சை உமியில் ஒட்டிக்கொண்டு வரும் நெல் முளைத்துவிடும். புழுங்கல் அரிசி ஆலை உமி என்றால் அந்தத் தொல்லை இல்லை.

குழித்தட்டில் விதை போட மட்டும் தனித் தூளே நல்லது. சின்ன வேருக்கு மிருதுவாக இருக்கணும்.

ஈரம் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

புட்டுக்கு மாவு விரவிய கை என்றால் சொல்லித்தர வேண்டியதே இல்லை. பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். விதைக்கு இந்தப் பதம். வளர்ந்த செடிக்கு இன்னும் கொஞ்சம் ஈரம்: இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் இரண்டு மூன்று சொட்டு. கையைத் திறக்கும் முன்பே தண்ணீர் ஓடினால் வடிகால் சரியில்லை, தொட்டியின் ஓட்டையைப் பாருங்கள்.

எத்தனை தடவை தண்ணீர் விட வேண்டும்? மண் தொட்டிக்கு விடுவது போலக் காய்ந்த பிறகா?

காயவே விடாதீர்கள். காயும்போது தண்ணீர் மட்டும் போய் உப்பு தங்குகிறது. வேரைச் சுற்றிய கரைசல் கெட்டியாகிவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் ஊற்றியதில் பத்தில் ஒரு பங்காவது அடியில் வடிந்து வெளியேற வேண்டும். வடிவதை வாரம் ஒருமுறை அளங்கள். ஊற்றுவதைவிட வடிவது ரொம்ப அதிகம் காட்டினால், ஒரு நாள் நீர்த்த கரைசலை நிறைய ஊற்றி அலசிவிடுங்கள்.

கரைசலின் அளவு: லெட்யூஸுக்கு 1.0 முதல் 1.4 இ.சி., மிளகாய்க்கு 2 பக்கம், காய்க்கிற தக்காளிக்கு 2 முதல் 3 வரை.

பஞ்சகவ்யம், மீன் அமிலம் மட்டும் ஊற்றி வளர்க்கலாமா?

மண்ணில் செய்யுங்கள், அங்கே அதைச் செரித்துக் கொடுக்க ஆயிரம் ஜீவன்கள் இருக்கின்றன. கோகோபீட்டில் அந்தக் கூட்டமும் இல்லை, சொந்தமாகச் சாப்பாடும் இல்லை. தவிர, சொட்டுக் குழாய் அடைத்துக்கொள்ளும், மாடி வீடு என்றால் கீழ்வீட்டுக்காரர் படியேறி வருவார். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை வேண்டுமானால் கொஞ்சம் கலந்துகொள்ளுங்கள், வேரழுகலுக்கு நல்லது.

என்.எஃப்.டி. குழாயில் (தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும் குழாய் முறை) வைக்கிற நெட் கப்பில் (வலைக் கிண்ணத்தில்) இதைப் போடலாமா?

கூடாது. தூள் நழுவி ஓடி, இரண்டு நாளில் மோட்டார் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அங்கே ஸ்பாஞ்சும் களிமண் உருண்டையும்தான் சரி. கோகோபீட்டுக்கு ஏற்றது சொட்டுநீர் போகும் பை, டச்சு பக்கெட், சாதாரணத் தொட்டி. அதிலும் ஓட்டைக்கு மேலே கொசுவலைத் துண்டு ஒன்று வையுங்கள்.

நட்டுவிட்டேன். கால்சியம் ஏற்றவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. பிடுங்கிவிடவா?

வேண்டாம். முதலில் இலையைப் பாருங்கள். புது இலை சுருங்கி, நுனி கருகி, வளைந்து வந்தால் கால்சியம் எட்டவில்லை. தக்காளியில் காயின் அடிப்பாகம் கறுத்துக் குழிவிழும். பழைய இலையில் நரம்பு பச்சையாக இருந்து நடுவில் மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். ஓரம் மட்டும் காய்ந்து பழுப்பானால் உப்பு.

லிட்டருக்கு 1 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து, அடியில் நன்றாக வடியும் அளவுக்குத் தொட்டியில் ஊற்றுங்கள். அன்றைக்கு வேறு உரம் வேண்டாம். மூன்று நாள் இடைவெளியில் மூன்று தடவை. கருகிய இலை திரும்பிப் பச்சையாகாது, அதைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். அடுத்து வரும் இலை நேராக வந்தால் காரியம் பலித்தது. என் முப்பதில் பிழைத்த பதினோரு செடிகளும் இப்படிப் பிழைத்தவைதான்.

மேலே பச்சையாகப் பாசி, சின்னச் சின்னதாகக் கறுப்புக் கொசு. என்ன செய்ய?

இரண்டும் ஒரே காரணத்தால் வருகின்றன: மேற்பரப்பு எப்போதும் ஈரமாக, வெளிச்சத்தில் இருக்கிறது. ஒரு விரற்கடை உயரத்துக்கு மட்டைத் துண்டுகளைப் பரப்பி மூடுங்கள். கொசுவுக்கு மஞ்சள் ஒட்டு அட்டை ஒன்று தொட்டியில் செருகுங்கள். வெள்ளைப் பூஞ்சை நூல் போல முதல் வாரம் தெரிந்தால் கவலை வேண்டாம், தானாகப் போய்விடும்.

வீட்டில் தினம் தேங்காய் உரிக்கிறோம். அந்த நாரிலேயே செய்துகொள்ளலாமே?

ஆசை நியாயமானது. ஆனால் வீட்டில் கிடைப்பது பெரும்பாலும் நார், தூள் கொஞ்சம்தான். தவிர, பச்சை மட்டையில் டேனினும் உப்பும் முழுசாக இருக்கும். மில்லில் தூளை மாதக்கணக்கில் குவித்துப் போட்டு முதிரவைக்கிறார்கள். இளம் தூள் மஞ்சளாக இருக்கும், முதிர்ந்தது பழுப்பாக. மட்டையைக் கத்திரிக்கோலால் அரை அங்குலத் துண்டுகளாக வெட்டி, இரண்டு மூன்று வாரம் தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, கால்சியமும் ஏற்றினால் ஆர்க்கிட் வளர்க்கவும் மேலே மூடவும் ஆகும். தூளுக்குக் கட்டி வாங்குவதே மேல்.

ஒரு பயிர் முடிந்த பிறகு தூக்கிப் போட வேண்டுமா?

இரண்டு மூன்று பயிர் வரை தாங்கும். வேரைப் பிடுங்கிச் சலித்து, நன்றாகக் கழுவி, பாதி அளவு கால்சியக் கரைசலில் ஒரு ராத்திரி போட்டுத் திரும்ப நிரப்புங்கள். வாடல் நோய் வந்த தொட்டியின் தூளை மட்டும் வேண்டாம். அதை மண் தோட்டத்துக்கும் கொடுக்காதீர்கள். சாதாரணமாகப் பழையதானது, பிடித்தால் சேறு போலக் குழைய ஆரம்பித்ததும் மண் தொட்டிகளுக்கு மாற்றிவிடலாம்.

கழுவிய தண்ணீர் பக்கெட் பக்கெட்டாகப் போகிறதே. எங்கே ஊற்றுவது?

அதில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம். ராத்திரி ஊறல் தண்ணீர் என்றால் கொஞ்சம் நைட்ரேட்டும். கீரைப் பாத்திக்கும் ரோஜாவுக்கும் ஊற்றாதீர்கள். பொட்டாசியத்தை எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற மரம் தென்னை, அடுத்தது வாழை. எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு நெட்டைத் தென்னை நிற்கிறது. மாடியிலிருந்து ஒரு குழாயை அதன் பாத்திக்கு இறக்கிவிட்டிருக்கிறேன்.